மூல ஓலை எங்கே?

திருவெண்ணெய்நல்லூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓலை வழக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தூரில் மணக்கோலத்தில் அமர்ந்திருந்த சுந்தரரை, தமக்கு அடிமை என்று சொல்லித் தடுத்தார் ஒரு முதியவர். அவர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார் முதியவர். வழக்கு எங்கள் ஊர்ச் சபைக்கு வந்தது. சபையார் மூல ஓலையை வாங்கிப் படித்தார்கள். சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தார்கள். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். அதன் பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். கிருபாபுரீசுவரர் கோயிலில் அந்த வழக்கு நடந்ததாகச் சொல்லப்படும் மண்டபத்தில் சிறுவயதில் நாங்கள் ஓடி விளையாடியிருக்கிறோம்.

அரசுக் கல்லூரிகளில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். 2024 அக்டோபர் 9 அன்று வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது எனக்கு இந்த ஓலை வழக்குதான் நினைவுக்கு வந்தது. பரிசின் ஒரு பாதி, இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. மறுபாதி, புரதங்களின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் 'ஆல்ஃபாஃபோல்டு' என்ற செயற்கை நுண்ணறிவை உருவாக்கிய கூகுள் டீப்மைண்டு நிறுவனத்தின் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும். ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டறிய வேண்டிய வடிவத்தைச் சில நிமிடங்களில் எழுதித் தருகிறது இந்தக் கணினி. எழுதித் தருவது படி ஓலை. அதை நம்பி மருந்து செய்யலாமா, எந்த அளவுக்கு நம்பலாம், ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க மூல ஓலை நம்மிடம் இருக்கிறதா என்பவை நம் சபையார் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். விழுப்புரம் மாவட்டத்துக் கரும்புத் தோட்டம் வரைக்கும் நீளும் கேள்விகள் அவை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு மாலை. இருபது வகை மணிகள். சில நூறு மணிகள் சேர்ந்தால் ஒரு புரதம். செல்லுக்குள் உருவானதும் இந்த மாலை தானாகவே சுருண்டு, மடிந்து, ஒரு குறிப்பிட்ட உருவத்தை அடைகிறது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது, உணவைச் செரிப்பது, கிருமியைப் பிடிப்பது எல்லாம் அந்த உருவத்தைப் பொறுத்தவை. மணிகளின் வரிசையே உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டிய கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 1972-இல் நோபல் பரிசு பெற்றார். அப்படியானால் வரிசையைத் தெரிந்துகொண்டு உருவத்தைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? சொல்வது எளிது. ஒரு மாலை எத்தனை விதமாக மடியக்கூடும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கப் புகுந்தால் அண்டத்தின் வயதே போதாது என்று 1969-இலேயே சைரஸ் லெவிந்தால் எச்சரித்திருந்தார்.

இந்தத் திணறலின் முதல் முடிச்சு அவிழ்ந்தது சென்னையில். இதைத் தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் பலர் அறிந்திருக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். இராமச்சந்திரன், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் துணை நின்றார். தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் கொலாஜென் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது தீராத புதிராக இருந்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜெனை எக்ஸ் கதிரால் படம்பிடித்து, மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு அது என்று இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றும் முப்புரி என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர்தான்.

அடுத்த ஆண்டே எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் சாமானியர்கள் அல்லர்: அலெக்சாண்டர் ரிச்சும், டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்த ஃபிரான்சிஸ் கிரிக்கும். சென்னைக்காரர்கள் சொல்லும் அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன, அது நடவாது என்பது அவர்கள் வாதம். கோபப்பட்டு மறுப்பு எழுதியிருக்கலாம். பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று அடங்கிப் போயிருக்கலாம். இராமச்சந்திரன் வேறொரு கேள்வி கேட்டார்: அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதற்கு விடை தேட அவரும் வி. சசிசேகரனும், அதுவரை உலகெங்கும் அளக்கப்பட்டு வெளியாகியிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் ஆகியவற்றின் படிக அளவுகளைத் திரட்டினார்கள். ஆக்சிஜனும் கார்பனும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் எவ்வளவு என்று ஓர் அட்டவணை உருவாயிற்று.

பிறகு கணக்கு. மாலையின் ஒவ்வொரு மணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. ஆக இரண்டு கோணங்கள். இரண்டையும் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எந்த அணுவும் எந்த அணுவையும் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்றைய கைப்பேசி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். அன்று சி. இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் மேசைக் கணக்கு எந்திரத்தை வைத்துக்கொண்டு செய்தார்கள். கிடைத்த விடையை ஒரு சதுரப் படத்தில் வரைந்தபோது, பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. புரதம் அங்கெல்லாம் போகவே முடியாது. போக முடிந்த இடங்கள் சில தீவுகள் மட்டுமே. 1963-இல் மூவர் பெயரிலும் அது வெளியானது. அணு அளவில் வடிவம் தெரிந்த புரதமாக உலகத்தின் கையில் அப்போது இருந்தது கிட்டத்தட்ட மயோகுளோபின் ஒன்றுதான். புரதங்களையே பார்க்காமல் புரதங்களுக்கு விதி எழுதிவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் அவர்கள் ஒவ்வொரு கோட்டையும் வரைந்தது, பிறர் பொறுமையாக அளந்து வெளியிட்ட சின்னஞ்சிறு மூலக்கூறுகளின் மீது.

இன்று உலகின் எந்த மூலையில் ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கும் முன் 'இராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். புள்ளிகள் தீவுகளுக்கு வெளியே சிதறிக் கிடந்தால் அளவையில் எங்கோ பிழை என்று பொருள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் காப்பு ஓலை சென்னையில் எழுதப்பட்டது.

நான் சொன்ன பொதுக் களஞ்சியம் 1971-இல் ஏழே ஏழு வடிவங்களோடு அமெரிக்காவில் தொடங்கியது. இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சில மாதங்களிலிருந்து பல ஆண்டுகள் வரை ஒரு மாணவரின் உழைப்பு உண்டு. புரதத்தைத் தூய்மைப்படுத்தி, படிகமாக்கி, படிகமாகாமல் அழுது, மீண்டும் முயன்று, எக்ஸ் கதிர் வீசி அளந்தவை. பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணம். எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஆல்ஃபாஃபோல்டு கற்றது இந்தப் பாடசாலையில்தான். வடிவம் வெளியாகாத புரதங்களைக் கணிக்கும் உலகப் போட்டி ஒன்று 1994 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. விடைத்தாள் மறைக்கப்பட்ட தேர்வு போன்றது. 2020-இல் அதில் ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு, ஆய்வுக்கூட அளவைக்கு இணையாகப் பல புரதங்களைக் கணித்தது. 2022-இல் 20 கோடிக்கும் அதிகமான கணிப்பு வடிவங்களை அந்நிறுவனம் இலவசமாக இணையத்தில் வைத்தது. அறிவியல் அறிந்த அளவில் பெயர் பதிவான புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று ஒரு படம் உண்டு.

அந்தப் படங்களில் ஒன்றை எனக்கு முதலில் காட்டியவள் ஒரு மாணவி. ஓய்வுக்குப் பிறகு ஊரில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். தந்தை நெல் அறுவடை எந்திரம் ஓட்டுபவர். கைப்பேசித் திரையில் ஒரு மனிதப் புரதத்தைத் திறந்துவைத்திருந்தாள். நடுவில் அழகாகச் சுருண்ட நீல உருண்டை. அதன் இரு முனைகளிலும் ஆரஞ்சு நிறத்தில், பிரிந்த நூல் போல அலைந்து கிடந்த நீண்ட வால்கள்.

"இந்த எடத்துல மட்டும் ஏன் சார் நூல் பிரிஞ்சு கெடக்கு? கம்ப்யூட்டருக்குத் தெரியலையா?"

அவள் கேட்டது எவ்வளவு கூர்மையான கேள்வி என்று விளங்க எனக்கே சிறிது நேரமாயிற்று. ஆல்ஃபாஃபோல்டு தன் கணிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று தன்னம்பிக்கை மதிப்பெண் இட்டுக்கொள்கிறது. 90-க்கு மேல் கருநீலம். 70-க்கு மேல் வெளிர்நீலம். அதற்குக் கீழே மஞ்சள். 50-க்கும் குறைந்தால் ஆரஞ்சு. மனிதப் புரதங்கள் அனைத்தையும் 2021-இல் கணித்தபோது, மொத்த அமினோ அமிலங்களில் 58 விழுக்காடுதான் நீலத்தில் விழுந்தன. மீதியில் ஒரு பகுதியைக் கணினிக்குத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் பெரும்பகுதி வேறு கதை. அங்கே தெரிந்துகொள்ள ஒரு நிலையான வடிவமே கிடையாது. அந்தப் பகுதிகள் செல்லுக்குள் உண்மையிலேயே பிரிந்த நூலாகத்தான் திரிகின்றன.

இவற்றை ஒழுங்குறாப் புரதங்கள் என்று சொல்லலாம். பாடநூல்கள் பல தலைமுறைகளாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிவந்தன: வடிவம் இருந்தால்தான் வேலை, பூட்டுக்கு ஏற்ற சாவி. 1990-களில் கீத் டங்கர் போன்றோர், வரிசையை மட்டும் கணினியில் பகுத்து, இயற்கையில் ஏராளமான புரதங்கள் மடியாத தன்மை கொண்டவை என்று காட்டத் தொடங்கினார்கள். மடியும் புரதத்தின் வரிசைக்கும் மடியாததன் வரிசைக்கும் சொல்வளத்திலேயே வேறுபாடு உண்டு: நீரை வெறுத்து உள்ளே ஒளியும் மணிகள் மடியாதவற்றில் குறைவு, மின்னேற்றம் கொண்டவை மிகுதி. 1999-இல் பீட்டர் ரைட், ஜேன் டைசன் இருவரும் வடிவமே வேலை என்ற கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். எழுதிய இதழ், 1963-இல் இராமச்சந்திரனின் கட்டுரை வெளியான அதே மூலக்கூற்று உயிரியல் இதழ்.

நிலையான உருவம் இல்லாதது எப்படி வேலை செய்யும்? ஒரே ஆள் வீட்டில் அப்பா, அலுவலகத்தில் எழுத்தர், திருவிழாவில் நாதசுரக்காரர் என்பதுபோல, யாரோடு சேர்கிறதோ அதற்கேற்ப உருக்கொள்கிறது. செல்லில் செய்தி கடத்தும், மரபணுக்களை முடுக்கியும் அடக்கியும் நடத்தும் புரதங்களில் இத்தகையவை மிகுதி. புற்றைத் தடுக்கும் காவலாளியான பி53 புரதத்தின் இரு முனைகளும் இப்படிப்பட்டவையே. ஒழுங்கின்மை கட்டுமீறினால் விபரீதம்: நடுக்குவாதத்தில் ஆல்ஃபா-சைனூக்ளின், அல்சைமர் நோயில் டாவ் ஆகிய ஒழுங்குறாப் புரதங்கள்தாம் ஒட்டிக்கொண்டு கட்டியாகின்றன. இவற்றைச் செல் எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பதைக் கணினிப் பகுப்பாய்வால் காட்டியவர்களுள் ஒருவர் எம். மதன் பாபு. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்றவர். இப்போது அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துச் செயின்ட் ஜூட் ஆராய்ச்சி மருத்துவமனையில் இருக்கிறார். அவரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் சாரம்: ஒழுங்குறாப் புரதங்களைச் செல் குறைவாகவே உருவாக்குகிறது, நெடுநாள் வாழவும் விடுவதில்லை, பிறப்பு முதல் அழிவு வரை கடுமையான காவல்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சில புரதங்களுக்கு நிலையான வடிவம் இல்லை, ஆயினும் அவை வேலை செய்கின்றன என்று பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் தேர்வில் எழுதினான். எங்கோ படித்திருக்கிறான். பாடநூலில் இல்லை என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தவன் நான்தான். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அறுவடை எந்திரக்காரர் மகள் கேட்டபோது அந்த விடைத்தாள் என் கண்முன் வந்து நின்றது.

இனி, கரும்புத் தோட்டம். என் சித்தப்பா மகனைச் சோகை உரிக்கும்போது கண்ணாடி விரியன் தீண்டியது. பிழைத்துவிட்டான். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து, பல முறை டயாலிசிஸ் செய்து, அந்தப் பருவத்துக் கரும்பின் வருமானம் முழுவதையும் செலவிட்டுப் பிழைத்தான். எங்கள் பக்கத்தில் இப்படியொரு கதை இல்லாத தெரு குறைவு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கடித்த பாம்பு அடையாளம் காணப்பட்ட நிகழ்வுகளில் கண்ணாடி விரியனே முதலிடம்.

பாம்பின் விஷம் என்பது புரதங்களின் கலவைதான். ஆகவே, புரத வடிவக் கணிப்பால் ஏழை விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் விடை இங்கே தொடங்குகிறது. 2025 சனவரியில், நோபல் பெற்ற பேக்கரின் ஆய்வுக்கூடமும் டென்மார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து, நல்ல பாம்பு உள்ளிட்ட இனங்களின் விஷத்தில் உள்ள 'முவ்விரல் நச்சு' என்ற புரத வகையைப் பற்றிப் பிடித்துச் செயலற்றதாக்கும் சிறு புரதங்களைக் கணினியில் வடிவமைத்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். உயிர் பறிக்கும் அளவு நச்சு செலுத்தப்பட்ட எலிகள் பிழைத்தன. மனிதருக்கு வர நெடுந்தூரம் உண்டு என்றாலும் இது பெரிய செய்தி. இன்று நாம் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து, குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி அதன் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது, 1890-களின் தொழில்நுட்பம்.

நாளேடுகள் பாம்புக்கடிக்கு முடிவு வந்துவிட்டது என்ற தொனியில் எழுதின. என் சித்தப்பா மகனைத் தீண்டியது நல்ல பாம்பு அல்ல. கண்ணாடி விரியனின் விஷத்தில் மேலோங்கி நிற்பவை வேறு குடும்பத்துப் புரதங்கள்: செல்லின் சவ்வைச் சிதைக்கும் பாஸ்போலிபேஸ்கள், இரத்த நாளங்களை அரிக்கும், இரத்தம் உறைவதைக் குலைக்கும் புரோட்டியேஸ்கள். முவ்விரல் நச்சுக்குச் செய்த சாவி இங்கே நுழையாது. புதிதாக வடிவமைக்க வேண்டும். அதற்கு, எந்தப் புரதத்தை எதிர்த்து வடிவமைக்கிறோம் என்பது தெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான்.

கண்ணாடி விரியனின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறார்கள். 34 இடங்களில் 115 கண்ணாடி விரியன்களிடமிருந்து விஷம் சேகரித்து, அந்தந்த இடத்தின் வெப்பம், மழை ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எந்த வட்டாரத்தில் எத்தகைய விஷம் இருக்கும் என்று கணிக்கும் வரைபடத்தை 2025-இல் வெளியிட்டார்கள். வறண்ட பகுதிகளில் புரோட்டியேஸ்கள் மிகுதி என்பது ஒரு கண்டுபிடிப்பு. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பாம்பு பிடித்தார்கள், விஷம் எடுத்தார்கள், அளந்தார்கள், பிறகு கணினி. கணினியிலிருந்து தொடங்கியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது.

நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு எங்கிருந்து போகிறது தெரியுமா? எங்களுக்கு அண்டை மாவட்டத்திலிருந்து. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. செங்கல்பட்டு வட்டாரத்துப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து, பஞ்சாபிலும் இராசத்தானிலும் கடிபட்ட விவசாயிக்கு அதே அளவு வேலை செய்வதில்லை என்று சுனகர் குழுவின் முந்தைய ஆய்வுகள் கூறுகின்றன. அந்த வகையில் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் எங்களுக்கு ஓரளவு நல்லூழ். ஆனால் நல்லூழை நம்பி மருத்துவம் நடத்த முடியாது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது மகிழ்ந்தோம். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பக்கங்களிலும் இருளர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். பலர் செங்கல் சூளைகளில் வேலை செய்கிறார்கள். பாம்பின் தடம் பார்த்து இனம் சொல்லும் அறிவு சூளைப் புகையில் கரைந்துகொண்டிருக்கிறது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, ஒவ்வொரு கடியையும் இறப்பையும் பதிவுசெய்து தெரிவிக்க வேண்டும். பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தையும் மத்திய அரசு அதே ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைகள். ஆயினும் பதிவேட்டில் ஏறுவது கடிபட்டவரின் கணக்கு. கடித்த விஷத்தின் கணக்கு ஏறுவதில்லை. எந்த ஒன்றியத்தில் கடி அதிகம் என்று சுகாதாரத் துறைக்கு இனித் தெரியவரும். அந்த ஒன்றியங்களில், வனத்துறையின் அனுமதியோடு, இருளர்களை ஊதியத்துக்கு அமர்த்தி விஷ மாதிரிகள் எடுத்து, அவற்றின் புரதங்களை வரிசைப்படுத்தி, அளந்து, பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். வடிவத்தைக் கணிக்கும் வேலையைக் கணினி ஒரு பிற்பகலில் முடித்துவிடும்.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. புரதப் படிகங்களை அளக்க இந்தூரில் 'இண்டஸ்-2' ஒளிமூலம் இருக்கிறது. கிண்டி வளாகத்தில் இராமச்சந்திரன் வளர்த்த துறை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் மைக்கேல் குரோமிகா போன்றோர் புரதத் தகவலியலில் மாணவர்களை உருவாக்கிவருகிறார்கள். இல்லாமல் இருப்பது, இவற்றையும் மாவட்டத்து அரசுக் கல்லூரிகளையும் இணைக்கும் பாதை. எங்கள் கல்லூரிகளில் உயிர்வேதியியல் பாடத்தில் இராமச்சந்திரன் வரைபடத்தை இன்றும் ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கணிப்பு வடிவத்தைத் திறந்து, நீலம் எங்கே, ஆரஞ்சு எங்கே, ஆரஞ்சு என்றால் அறியாமையா ஒழுங்கின்மையா என்று பிரித்துப் பார்க்கும் செய்முறை வகுப்புக்குக் கைப்பேசியும் இணையமும் போதும். ஆய்வக நிதிக்குக் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை.

காத்திருக்கவும் கூடாது. 2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்டின் மூன்றாம் பதிப்பு வெளியானபோது, அதன் நிரலை நிறுவனம் வெளியிடவில்லை. ஆய்வாளர்கள் பலர் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, நவம்பரில் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும், வணிகம் கூடாது என்ற நிபந்தனையோடு தந்தார்கள். நிறுவனத்துக்கு அந்த உரிமை உண்டு என்று வாதிடலாம். பொதுப்பணத்தில் அரை நூற்றாண்டு அளந்து சேர்த்த ஓலைகளைப் படித்துத் தேர்ந்த கணினி, தான் எழுதும் ஓலையைப் பூட்டிவைப்பது எனக்கு உறுத்துகிறது. இன்று இலவசமாகக் கிடைப்பது நாளையும் கிடைக்கும் என்று எண்ணி ஒரு மாநிலம் தன் ஆராய்ச்சியைத் திட்டமிடலாகாது. நம் பாம்பின் விஷத்தை நாம் அளந்து வைத்திருந்தால், எவர் கணினி எழுதிய படியையும் ஒப்பிட்டுப் பார்க்க மூலம் நம் கையில் இருக்கும்.

சென்ற வாரம் இவற்றையெல்லாம் சித்தப்பா மகனிடம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். கணினி, நோபல், டென்மார்க் எல்லாம் பொறுமையாகக் கேட்டான். கடித்த இடத்தில் தோல் இன்னும் கறுத்தே இருக்கிறது. பேசும்போது அதைத் தடவிக்கொண்டே இருப்பான்.

"அதெல்லாம் சரிண்ணே, நம்ம கொல்லையில கெடக்குறத யாராச்சும் புடிச்சிப் பாத்தாங்களா?"

வடநெம்மேலியில் எடுக்கிறார்கள் என்றேன். அது எவ்வளவு தூரம் என்று கேட்டான். நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றேன். மறுநாள் சோகை உரிக்க ஆள் வருவதாகச் சொல்லி எழுந்து போனான்.